புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் மின்தொகுப்பு நம்பகத்தன்மை மதிப்பீடும்

மின்தொகுப்பு நம்பகத்தன்மை மதிப்பீடு என்பது, ஒரு மின்தொகுப்பு தன் பயனர்களுக்குத் தேவையான மின்சாரத்தைத் தேவையான நேரத்தில், ஏற்கத்தக்க தரத்தில் வழங்கும் என எந்த அளவுக்கு எதிர்பார்க்கலாம் என்பதை எண்களால் கணிக்கும் மின்பொறியியல் பிரிவு ஆகும். மின்னாக்க நிலையங்கள், உயரழுத்த மின்தடங்கள், துணைமின் நிலையங்கள், பகிர்மானக் கம்பிகள் ஆகியன ஒன்றாக இணைந்த அமைப்பே மின்தொகுப்பு ஆகும். பொதுவழக்கில் இது கிரிட் எனவும் அழைக்கப்படுகிறது.

காற்றாலைகளும் சூரிய மின்நிலையங்களும் பெருகிய பின்னர் இம்மதிப்பீடு புதிய சிக்கல்களைச் சந்திக்கிறது. நிலக்கரி நிலையம் ஒன்று பழுதடையாதிருந்து எரிபொருளும் கையிருப்பில் இருந்தால், வேண்டியபோது அதனை இயக்கலாம். காற்றாலையோ காற்று வீசும்போதும், சூரியத் தகடு வெயில் உள்ளபோதும் மட்டுமே மின்சாரம் தரும். ஆகவே, ஒரு நிலையம் ஆண்டு முழுவதும் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்பதும், மின்தொகுப்பு தட்டுப்பாட்டை எதிர்நோக்கும் மணிநேரங்களில் எவ்வளவு தருகிறது என்பதும் வெவ்வேறு வினாக்கள் ஆகின்றன. நம்பகத்தன்மையைத் தீர்மானிப்பது இரண்டாவது வினாவின் விடையே ஆகும்.

இக்கணிப்பில் ஏற்படும் பிழையின் விளைவைப் பொதுமக்களே ஏற்க நேர்கிறது. மதிப்பீடு மிகையாக இருந்தால் மருத்துவமனைகள், குடிநீர் ஏற்று நிலையங்கள், வீடுகள் ஆகியன மின்சாரம் இன்றித் தவிக்கும். மதிப்பீடு குறைவாக இருந்தால் தேவையற்ற நிலையங்கள் கட்டப்பட்டு, அவற்றின் செலவு மின்கட்டணமாக வசூலிக்கப்படும்.

நம்பகத்தன்மையின் இரு கூறுகள்

நம்பகத்தன்மை பொதுவாக இரு கூறுகளாகப் பிரித்து நோக்கப்படுகிறது.

1. போதுமை: தேவையை நிறைவு செய்யும் அளவுக்கு மின்னாக்கத் திறனும் மின்தடங்களும் உள்ளனவா என்பதைக் குறிக்கும்.
2. தாங்குதன்மை: ஒரு மின்தடம் அறுந்தாலோ, பெரிய மின்னியற்றி ஒன்று திடீரென நின்றாலோ, அடுத்த சில நொடிகளில் மின்தொகுப்பு நிலைகுலையாமல் தாங்குமா என்பதைக் குறிக்கும்.

போதுமையில் குறை ஏற்பட்டால், அதனைப் பெரும்பாலும் முன்கூட்டியே அறிந்து சுழற்சி முறையில் மின்வெட்டை நடைமுறைப்படுத்தலாம். தாங்குதன்மையில் குறை ஏற்பட்டால் சில நொடிகளில் முழு மின்தொகுப்பும் வீழ்ந்துவிடக்கூடும். இந்தியாவில் 2012 ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் ஏற்பட்ட பெரும் மின்தடை இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அளவுக்கு மீறிச் சுமையேறியிருந்த நிலையில் பினா - குவாலியர் 400 கிலோவோல்ட் மின்தடம் துண்டிக்கப்பட்டதைத் தொடர்ந்து, அடுத்தடுத்த மின்தடங்களும் துண்டிக்கப்பட்டன. இரண்டாம் நாளில் 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் பாதிக்கப்பட்டன.

மதிப்பீட்டின் படிநிலைகள்

மின்தொகுப்பு மிகப் பெரியது என்பதால் மதிப்பீடு மூன்று படிநிலைகளில் மேற்கொள்ளப்படுகிறது.

* முதல் படிநிலை: மின்னாக்க நிலையங்கள் மட்டும் கருதப்படுகின்றன. மின்தடங்களில் எவ்விதத் தடையும் இல்லை எனக் கொள்ளப்படுகிறது.
* இரண்டாம் படிநிலை: மின்னாக்கத்துடன் உயரழுத்த மின்தொடரமைப்பும் சேர்த்துக் கருதப்படுகிறது.
* மூன்றாம் படிநிலை: பகிர்மானக் கம்பிகளும் மின்மாற்றிகளும் சேர்த்து, பயனரின் வீடு வரை கருதப்படுகிறது.

காற்றும் வெயிலும் மிகுந்த இடங்கள் பெரும்பாலும் நகரங்களிலிருந்து தொலைவில் உள்ளன. அங்கு உருவாகும் மின்சாரத்தைக் கொண்டுவரப் போதிய மின்தடம் இல்லாவிடில், முதல் படிநிலையில் போதுமானதாகத் தோன்றும் மின்தொகுப்பு இரண்டாம் படிநிலையில் போதாமல் போகலாம்.

வரலாறு

தொடக்க காலத்தில் மின்நிறுவனங்கள் எளிய விதிகளைப் பின்பற்றின. உச்சத் தேவையைவிடக் குறிப்பிட்ட விழுக்காடு கூடுதலான திறனை வைத்திருத்தல், மிகப் பெரிய மின்னியற்றி நின்றாலும் சமாளிக்கும் அளவுக்கு இருப்புத் திறன் வைத்திருத்தல் ஆகியன அவற்றுள் சில. இவ்விதிகள், மின்னியற்றிகள் எத்தனை முறை பழுதடைகின்றன என்பதைக் கருத்தில் கொள்ளவில்லை.

1947 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கியூசெப்பே கலபிரேசே, இருப்புத் திறனை நிகழ்தகவு முறையில் தீர்மானிப்பது பற்றிய ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார். 1966 இல் எல். எல். கார்வர், ஒரு மின்னியற்றியைச் சேர்ப்பதால் மின்தொகுப்பு எவ்வளவு கூடுதல் சுமையை ஏற்கலாம் என்பதைக் கணக்கிடும் முறையை அளித்தார். அன்று அனல் மின்னியற்றிகளுக்காக உருவான இம்முறையே இன்று காற்றாலைகளையும் சூரிய மின்நிலையங்களையும் மதிப்பிடுவதற்கு அடிப்படையாக உள்ளது. கனடாவின் சசுகாச்சுவான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் பில்லிண்டன், ரொனால்டு ஆலன் என்பவருடன் இணைந்து எழுதிய நூல் 1984 இல் வெளிவந்தது. அது இத்துறையின் முதன்மைப் பாடநூலாக விளங்குகிறது.

வெவ்வேறு ஆய்வாளர்களின் முறைகளை ஒப்பிடுவதற்கெனப் பொதுவான சோதனை மின்தொகுப்பு ஒன்று 1979 இல் ஐஇஇஇ எனப்படும் பொறியாளர் கழகத்தின் குழுவால் வெளியிடப்பட்டது. அதில் 32 மின்னியற்றிகள் உள்ளன. அவற்றின் மொத்தத் திறன் 3,405 மெகாவாட். உச்சத் தேவை 2,850 மெகாவாட். இச்சோதனை மின்தொகுப்பின் பிற்காலப் பதிப்பு ஒன்றில் காற்று, சூரிய மின்நிலையங்களும் சேர்க்கப்பட்டுள்ளன.

அளவைகள்

போதுமையை அளக்கப் பின்வரும் அளவைகள் பயன்படுகின்றன.

* சுமை இழப்பு நிகழ்தகவு: ஏதேனும் ஒரு நேரத்தில் கிடைக்கும் திறன், தேவையைவிடக் குறைவாக இருப்பதற்கான நிகழ்தகவு.
* எதிர்பார்க்கும் சுமை இழப்பு நேரம்: ஓர் ஆண்டில் எத்தனை மணிநேரம் அல்லது எத்தனை நாட்கள் தட்டுப்பாடு ஏற்படும் என்பதன் சராசரி மதிப்பு.
* வழங்கப்படாத ஆற்றல்: தட்டுப்பாட்டால் ஓர் ஆண்டில் வழங்க இயலாமற்போகும் மின்னாற்றலின் சராசரி மதிப்பு. இது மெகாவாட்-மணி அலகிலோ, மொத்தத் தேவையின் விழுக்காடாகவோ குறிக்கப்படும்.

முதல் இரு அளவைகளும் தட்டுப்பாடு எவ்வளவு நேரம் ஏற்படும் என்பதைக் கூறுகின்றன. அதன் ஆழத்தைக் கூறுவதில்லை. ஒரு சிற்றூருக்கு ஒரு மணிநேரம் மின்சாரம் இல்லாததும், ஒரு மாநிலத்தின் பாதிக்கு ஒரு மணிநேரம் மின்சாரம் இல்லாததும் அவற்றில் ஒன்றாகவே எண்ணப்படும். அந்த வேறுபாட்டை மூன்றாவது அளவை காட்டுகிறது.

ஏற்கத்தக்க எல்லை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. வட அமெரிக்காவில் பத்து ஆண்டுகளில் ஒரு நாள் என்னும் அளவு நெடுங்காலமாகப் பின்பற்றப்படுகிறது. பெரிய பிரித்தானியாவில் ஆண்டுக்கு 3 மணிநேரம் என்பது எல்லை ஆகும். ஆஸ்திரேலியாவின் தேசிய மின்சந்தையில், வழங்கப்படாத ஆற்றல் மொத்தத் தேவையில் 0.002 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இந்தியாவின் 2023 ஆம் ஆண்டுத் தேசிய மின் திட்டம், சுமை இழப்பு நிகழ்தகவுக்கு 0.2 விழுக்காட்டையும் வழங்கப்படாத ஆற்றலுக்கு 0.05 விழுக்காட்டையும் எல்லையாகக் கொண்டது.

பத்து ஆண்டுகளில் ஒரு நாள் என்பது ஆண்டுக்கு 2.4 மணிநேரம் என்று பலரால் தவறாகப் பொருள் கொள்ளப்படுகிறது. வழக்கமான பொருளின்படி, தட்டுப்பாடு ஏற்படும் நாட்களின் எண்ணிக்கையையே அது குறிக்கிறது. ஒரு நாளில் பத்து நிமிடமே தட்டுப்பாடு இருந்தாலும் அது ஒரு நாளாகவே கணக்கிடப்படும்.

பகிர்மான நிலையில், ஒரு பயனர் ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மின்தடையைச் சந்திக்கிறார், மொத்தம் எத்தனை நிமிடங்கள் மின்சாரம் இன்றி இருக்கிறார் என்னும் அளவைகள் பயன்படுகின்றன. வீடுகளில் ஏற்படும் மின்தடைகளில் பெரும்பாலானவை பகிர்மானப் பகுதியில் மரக்கிளை விழுதல், மின்மாற்றி பழுதடைதல் போன்ற காரணங்களால் ஏற்படுகின்றன. அவற்றை மின்னாக்கத் தட்டுப்பாட்டுடன் சேர்த்துக் குழப்பிக் கொள்ளக்கூடாது.

காற்று, சூரிய ஆற்றலின் தனித்தன்மைகள்

* மாறுந்தன்மை: மின்னாக்கம் மணிக்கு மணி, பருவத்துக்குப் பருவம் மாறுகிறது.
* ஒருங்கே மாறுதல்: இரு அனல் மின்னியற்றிகள் ஒரே நேரத்தில் பழுதடைவது அரிது. ஆனால் மாலையில் ஒரு வட்டாரத்தின் எல்லாச் சூரிய மின்நிலையங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே ஓய்கின்றன.
* தேவையுடன் தொடர்பு: வெப்பநிலை உயரும்போது குளிரூட்டிகளின் பயன்பாடும், பெரும்பாலும் சூரிய மின்னாக்கமும் சேர்ந்து உயர்கின்றன. எனவே, தேவையையும் மின்னாக்கத்தையும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாகக் கருதுவது பிழையாகும்.
* இணைப்பு முறை: சூரிய மின்நிலையங்களும் புதிய காற்றாலைகள் பலவும் இன்வெர்ட்டர் போன்ற மின்னணுக் கருவிகளின் வழியே மின்தொகுப்புடன் இணைகின்றன. இதன் விளைவு கீழே தாங்குதன்மை என்னும் தலைப்பில் விளக்கப்பட்டுள்ளது.

எடுத்துக்காட்டு

பின்வரும் எளிய கற்பனை மின்தொகுப்பு இக்கணக்கின் அடிப்படையை விளக்கும்.

ஒரு மின்தொகுப்பில் 100 மெகாவாட் திறனுள்ள மூன்று அனல் மின்னியற்றிகள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் பழுதால் நின்றிருப்பதற்கான நிகழ்தகவு 0.05. நாள்தோறும் மாலை 4 மணிநேரம் தேவை 180 மெகாவாட். மீதி 20 மணிநேரம் தேவை 90 மெகாவாட். மின்னியற்றிகள் ஒன்றையொன்று சாராமல் பழுதடைவதாகக் கொண்டால், நிகழ்தகவுகள் பின்வருமாறு அமையும்.

* மூன்றும் இயங்குதல் (300 மெகாவாட்): 0.857375
* ஒன்று நின்றிருத்தல் (200 மெகாவாட்): 0.135375
* இரண்டு நின்றிருத்தல் (100 மெகாவாட்): 0.007125
* மூன்றும் நின்றிருத்தல் (0 மெகாவாட்): 0.000125

மாலையில் இரண்டோ மூன்றோ நின்றிருந்தால் தட்டுப்பாடு ஏற்படும். அதன் நிகழ்தகவு 0.00725. மற்ற நேரங்களில் மூன்றும் நின்றிருந்தால் மட்டுமே தட்டுப்பாடு ஏற்படும். எனவே ஒரு நாளின் எதிர்பார்க்கும் சுமை இழப்பு நேரம்:

4 × 0.00725 + 20 × 0.000125 = 0.0315 மணிநேரம்

இதனை 365 ஆல் பெருக்கினால், ஆண்டுக்கு ஏறத்தாழ 11.5 மணிநேரம் கிடைக்கும்.

இனி, இம்மின்தொகுப்பில் 100 மெகாவாட் நிறுவு திறனுள்ள சூரிய மின்நிலையம் ஒன்று சேர்க்கப்படுகிறது. அது பகலில் 8 மணிநேரம் 60 மெகாவாட் தருகிறது; மாலையில் ஏதும் தருவதில்லை. மாலை நேரத் தட்டுப்பாடு அப்படியே இருக்கும். பகலில் மூன்று அனல் மின்னியற்றிகளும் நின்றுவிட்டால் 60 மெகாவாட் மட்டுமே கிடைக்கும். தேவையோ 90 மெகாவாட். ஆகவே சுமை இழப்பு நேரம் 11.5 மணியாகவே நீடிக்கும். வழங்கப்படாத ஆற்றல் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 947 மெகாவாட்-மணியிலிருந்து 925 ஆகக் குறையும்.

இந்தச் சூரிய மின்நிலையம் மின்தொகுப்பின் ஆண்டுத் தேவையில் 19 விழுக்காட்டை அளிக்கிறது. அந்த அளவுக்கு நிலக்கரியையும் மிச்சப்படுத்துகிறது. ஆயினும் தட்டுப்பாட்டு நேரத்தை அது ஒரு நிமிடமும் குறைக்கவில்லை. ஆற்றல் வழங்குதலும் நம்பகத்தன்மை வழங்குதலும் வேறு வேறு என்பதை இது காட்டுகிறது.

சூரிய மின்நிலையத்துக்குப் பதிலாக வேறு நிலையங்களைச் சேர்த்தால் கிடைக்கும் மதிப்புகள் வருமாறு.

* ஏதும் சேர்க்காத நிலை: 11.5 மணிநேரம்
* சூரிய மின்நிலையம் மட்டும்: 11.5 மணிநேரம்
* எந்நேரத்திலும் 0.3 நிகழ்தகவுடன் 80 மெகாவாட் தரும், பிற வேளைகளில் ஏதும் தராத காற்றாலைத் தொகுதி: 8.4 மணிநேரம்
* சூரிய மின்நிலையமும், மாலையில் 80 மெகாவாட்டை 2 மணிநேரம் தரும் மின்கலத் தொகுதியும்: 6.3 மணிநேரம்
* சூரிய மின்நிலையமும், மாலையில் 80 மெகாவாட்டை 4 மணிநேரம் தரும் மின்கலத் தொகுதியும்: 1.1 மணிநேரம்
* மேலும் ஓர் அனல் மின்னியற்றி: 0.7 மணிநேரம்

மின்கலத் தொகுதி ஒவ்வொரு மாலையும் முழுமையாக மின்னேற்றப்பட்டிருக்கும் என இங்கு கொள்ளப்பட்டுள்ளது. தொடர்ந்து மேகமூட்டம் நிலவும் நாட்களில் இது உண்மையாக இராது. உண்மையான மின்தொகுப்புகளில் தேவையும் நாள்தோறும் மாறும் என்பதால் கணக்கு விரிவடையும், அடிப்படை மாறாது.

திறன் மதிப்பு

ஒரு நிலையத்தின் நிறுவு திறனில் எவ்வளவு பகுதியை நம்பகத்தன்மைக்கான பங்களிப்பாகக் கொள்ளலாம் என்பதே திறன் மதிப்பு எனப்படுகிறது. கார்வரின் முறைப்படி இது பின்வருமாறு கணக்கிடப்படுகிறது.

1. புதிய நிலையம் இல்லாதபோது மின்தொகுப்பின் சுமை இழப்பு நேரம் கணக்கிடப்படுகிறது.
2. புதிய நிலையம் சேர்க்கப்படுகிறது. சுமை இழப்பு நேரம் குறைகிறது.
3. சுமை இழப்பு நேரம் பழைய அளவை மீண்டும் எட்டும் வரை தேவை சிறிது சிறிதாகக் கூட்டப்படுகிறது.
4. இவ்வாறு கூட்டப்பட்ட தேவையே அந்நிலையத்தின் திறன் மதிப்பு ஆகும்.

திறன் மதிப்பு அந்த நிலையத்துக்கு மட்டுமே உரிய பண்பு அன்று. அது சேரும் மின்தொகுப்பையும், அங்கு ஏற்கெனவே உள்ள நிலையங்களையும் பொறுத்தது. கோடைப் பிற்பகலில் உச்சத் தேவை எழும் மின்தொகுப்பில், முதலில் அமைக்கப்படும் சூரிய மின்நிலையங்களின் திறன் மதிப்பு உயர்வாக இருக்கும். அவை பெருகப் பெருக, பகல் நேரத் தட்டுப்பாடு நீங்கி, இடர் மிகுந்த நேரம் சூரியன் மறைந்த பின்னரான வேளைக்கு நகர்ந்துவிடும். அதன் பின் சேர்க்கப்படும் சூரிய மின்நிலையத்தின் திறன் மதிப்பு வெகுவாகக் குறையும்.

கணக்கிடும் முறைகள்

மேலே கண்டதுபோல் ஒவ்வொரு நிலைக்கும் உரிய நிகழ்தகவை நேரடியாகக் கணக்கிடுவது பகுப்பாய்வு முறை எனப்படும். மின்னியற்றிகளின் எண்ணிக்கை கூடும்போது நிலைகளின் எண்ணிக்கை மிக விரைவாகப் பெருகும். 32 மின்னியற்றிகள் இருந்தால், ஒவ்வொன்றும் இயங்குதல் அல்லது நிற்றல் என்னும் இரு நிலைகளைக் கொண்டாலும், மொத்தம் 429 கோடிக்கும் மேற்பட்ட சேர்க்கைகள் உண்டு. எனவே, ஒவ்வொரு மின்னியற்றியாகச் சேர்த்துக்கொண்டே நிகழ்தகவு அட்டவணையைப் படிப்படியாக உருவாக்கும் உத்தி கையாளப்படுகிறது.

மற்றொரு முறை மான்டே கார்லோ முறை ஆகும். இதில் கணினி, தற்போக்கு எண்களைக் கொண்டு மின்னியற்றிகளின் பழுதையும் சீரமைப்பையும் மணிக்கு மணி போலச் செய்து பார்க்கிறது. ஓர் ஆண்டின் 8,760 மணிநேரங்களும் இவ்வாறு பல்லாயிரம் முறை ஓட்டப்பட்டு, தட்டுப்பாட்டு நேரத்தின் சராசரி பெறப்படுகிறது. மின்கலம், நீரேற்று மின்நிலையம் போன்றவை முந்தைய மணிநேரத்தில் என்ன செய்தன என்பதைப் பொறுத்தே அடுத்த மணிநேரத்தில் இயங்க முடியும். எனவே, நேர வரிசையைப் பாதுகாக்கும் மான்டே கார்லோ முறை அவற்றுக்கு மிகவும் ஏற்றது.

தரவைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. காற்று, வெயில், தேவை ஆகிய மூன்றின் தரவுகளும் ஒரே ஆண்டின் ஒரே மணிநேரங்களுக்கு உரியனவாக இருத்தல் வேண்டும். ஓர் ஆண்டின் காற்றுத் தரவையும் வேறோர் ஆண்டின் தேவைத் தரவையும் இணைத்தால், அவற்றுக்கிடையே உள்ள இயற்கைத் தொடர்பு அழிந்துவிடும். மேலும், மாத சராசரிகளைப் பயன்படுத்தினால் காற்றே வீசாத சில நாட்கள் கணக்கிலிருந்து மறைந்துவிடும். தட்டுப்பாடு ஏற்படுவது பெரும்பாலும் அத்தகைய நாட்களில்தான்.

நிகரத் தேவை

மொத்தத் தேவையிலிருந்து காற்று, சூரிய மின்னாக்கத்தைக் கழித்தால் கிடைப்பது நிகரத் தேவை எனப்படும். மற்ற நிலையங்கள் நிறைவு செய்ய வேண்டிய தேவை இதுவே. சூரிய மின்னாக்கம் மிகுந்த மின்தொகுப்புகளில் நிகரத் தேவை நண்பகலில் தாழ்ந்து, மாலையில் செங்குத்தாக உயர்கிறது. இவ்வளைகோட்டின் தோற்றத்தைக் கொண்டு இது வாத்து வளைகோடு என அழைக்கப்படுகிறது.

2020 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14, 15 ஆகிய நாட்களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சுழற்சி முறை மின்வெட்டு நடைமுறைப்படுத்தப்பட்டது. 2001 க்குப் பின்னர் அங்கு இத்தகைய மின்வெட்டு ஏற்பட்டது அதுவே முதல் முறை. மேற்கு அமெரிக்கா முழுவதும் கடும் வெப்பம் நிலவியதால் அண்டை மாநிலங்களிலிருந்து கிடைக்கும் மின்சாரமும் குறைந்திருந்தது. மொத்தத் தேவை உச்சத்தை அடைந்த நேரத்தை மின்தொகுப்பு கடந்துவிட்டது. அதன் பின்னர், சூரிய மின்னாக்கம் தேவையைவிட விரைவாகக் குறைந்த மாலை வேளையிலேயே தட்டுப்பாடு ஏற்பட்டது. திட்டமிடல், மொத்தத் தேவையின் உச்சத்தை நோக்கியே அமைந்திருந்ததும், நிகரத் தேவையின் உச்சத்துக்கு ஈடுகொடுக்காததும் காரணங்களுள் ஒன்றாகக் கண்டறியப்பட்டது. பின்னர் அம்மாநிலத்தில் மின்கலத் தொகுதிகள் பெருமளவில் அமைக்கப்பட்டன. 2024 இல் அவற்றின் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்தது.

தாங்குதன்மை

அனல், நீர், அணு மின்நிலையங்களின் மின்னியற்றிகள் பெரும் எடையுள்ள சுழலும் பொறிகள் ஆகும். மின்தொகுப்பில் திடீரெனப் பற்றாக்குறை ஏற்படும்போது, இவற்றின் சுழற்சியில் சேர்ந்துள்ள இயக்க ஆற்றல் தானாகவே வெளிப்பட்டு, அதிர்வெண் வீழும் வேகத்தைக் குறைக்கிறது. இப்பண்பு நிலைமம் எனப்படுகிறது. இன்வெர்ட்டர் வழியாக இணையும் நிலையங்கள் இந்நிலைமத்தை இயல்பாகத் தருவதில்லை. அவற்றின் பங்கு உயரும்போது அதிர்வெண் விரைவாக வீழும். கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குக் கிடைக்கும் கால அவகாசமும் குறையும்.

* தென் ஆஸ்திரேலியா, 2016: செப்டம்பர் 28 அன்று சூறாவளியால் உயரழுத்த மின்தடங்கள் சேதமடைந்து, மின்னழுத்தம் அடுத்தடுத்துச் சரிந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் மின்னழுத்தச் சரிவு ஏற்பட்டால் உற்பத்தியைக் குறைக்குமாறு பல காற்றாலைகளின் காப்பு அமைப்பில் எல்லை வைக்கப்பட்டிருந்தது. மின்தொகுப்பை இயக்குபவர்கள் அதனை அறிந்திருக்கவில்லை. சில நொடிகளில் 456 மெகாவாட் குறைந்தது. அண்டை மாநிலத்துடனான இணைப்பு சுமை தாங்காமல் துண்டிக்கப்பட்டு, மாநிலம் முழுவதும் இருண்டது. பின்னர் அவ்வெல்லைகள் மாற்றியமைக்கப்பட்டன.
* பெரிய பிரித்தானியா, 2019: ஆகஸ்ட் 9 அன்று மின்தடம் ஒன்றில் இடி விழுந்ததை அடுத்து, கடலில் அமைந்த காற்றாலைத் தொகுதி ஒன்றும், எரிவளி மின்நிலையம் ஒன்றும், சிறு நிலையங்கள் பலவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மின்னாக்கத்தை இழந்தன. 50 ஹெர்ட்சு இருக்க வேண்டிய அதிர்வெண் 48.8 ஆக வீழ்ந்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் இணைப்பு தானியங்கி முறையில் துண்டிக்கப்பட்டது.
* இலங்கை, 2025: பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை துணைமின் நிலையத்தில் குரங்கு ஒன்றால் ஏற்பட்ட கோளாறைத் தொடர்ந்து நாடு முழுவதும் மின்தடை ஏற்பட்டது. விடுமுறை நாளில் தேவை குறைவாகவும் சூரிய மின்னாக்கம் மிகுதியாகவும் இருந்ததால், சுழலும் பொறிகளின் பங்கு குறைந்திருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரை மேல் உள்ள சூரிய மின் அமைப்புகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது.
* எசுப்பானியா, போர்த்துகல், 2025: ஏப்ரல் 28 நண்பகலுக்குப் பின் மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் உயர்ந்து, மின்னாக்க நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டன. இரு நாடுகளின் பெரும்பகுதியும் மின்சாரத்தை இழந்தது.

இவற்றில் எதுவும் மின்னாக்கத் திறன் போதாமையால் நிகழ்ந்ததன்று. போதுமையை மட்டும் கணிக்கும் மதிப்பீடு இவற்றை முன்னறிந்திருக்க இயலாது. அதே வேளையில், காற்றாலையோ சூரிய மின்நிலையமோ இருந்ததே காரணம் எனக் கூறுவதும் சரியன்று. காப்பு அமைப்புகளின் எல்லைகள், மின்னழுத்தக் கட்டுப்பாடு, இருப்புத் திறனின் அளவு ஆகியன மின்தொகுப்பின் புதிய இயல்புக்கு ஏற்ப அமைந்திருந்தனவா என்பதே ஆராயப்பட வேண்டியது. மின்கலத் தொகுதிகள் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மின்சாரம் வழங்க வல்லவை. தென் ஆஸ்திரேலியாவில் 2017 இறுதியில் இயங்கத் தொடங்கிய 100 மெகாவாட் ஆர்ன்சுடேல் மின்கலத் தொகுதி இதற்கு எடுத்துக்காட்டு ஆகும்.

ஒன்றையொன்று சார்ந்த பழுதுகள்

மேற்கண்ட எடுத்துக்காட்டில் மின்னியற்றிகள் ஒன்றையொன்று சாராமல் பழுதடைவதாகக் கொள்ளப்பட்டது. இது அனல் மின்நிலையங்களுக்கும் எப்போதும் பொருந்துவதில்லை. 2021 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சசு மாநிலத்தைக் கடுங்குளிர் தாக்கியது. எரிவளிக் கிணறுகள், குழாய்கள், மின்நிலையக் கருவிகள், காற்றாலைகள் ஆகியன ஒரே காலத்தில் உறைந்தன. நின்றுபோன நிலையங்களில் எரிவளியால் இயங்குபவையே மிகுதி. வீடுகளைச் சூடாக்குவதற்கான தேவையும் அப்போது உச்சத்தில் இருந்தது. 20,000 மெகாவாட் வரை சுமை துண்டிக்கப்பட்டது. 45 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் வணிக இடங்களும் கொடுங்குளிரில் மின்சாரத்தை இழந்தன. அரசின் கணக்குப்படி 246 பேர் உயிரிழந்தனர்.

பல நிலையங்களை ஒருசேர முடக்கும் பொதுக் காரணம் உள்ளபோது, தனித்தனி நிகழ்தகவுகளைப் பெருக்கிப் பெறும் விடை உண்மையான இடரை மிகவும் குறைத்துக் காட்டும். எனவே, கடும் வெப்பம், கடுங்குளிர், வறட்சி, எரிபொருள் தட்டுப்பாடு ஆகியவற்றை எல்லா வகை நிலையங்களுக்கும் சேர்த்துக் கருதும் முறை வலியுறுத்தப்படுகிறது.

தமிழ்நாடு

தமிழ்நாட்டில் காற்றாலைகளின் நிறுவு திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்டது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய கணவாய்களின் வழியே வீசும் தென்மேற்குப் பருவக்காற்றே இவற்றுக்கு ஆதாரம். மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் மின்னாக்கம் மிகுதியாகவும், பிற மாதங்களில் மிகக் குறைவாகவும் இருக்கும்.

மாநிலத்தின் உச்சத் தேவை பெரும்பாலும் கோடையில், காற்றுப் பருவம் வலுப்பெறுவதற்கு முன்னரே எழுகிறது. 2024 ஆம் ஆண்டுக் கோடையில் அது 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. எனவே ஆண்டு சராசரியைக் கொண்டு காற்றாலைகளின் பங்களிப்பைக் கணித்தால், கோடை மாலைகளுக்கு அது பொருந்தாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகமூட்டத்தால் சூரிய மின்னாக்கமும் குறைகிறது. இவ்வாறு பருவத்துக்குப் பருவம் இடரின் தன்மை மாறுவதால், ஆண்டு முழுவதற்கும் ஒரே திறன் மதிப்பைக் கொள்வதைவிட, மாதத்துக்கும் மணிநேரத்துக்கும் தனித்தனியே கணிப்பது பொருத்தமானது.

மாலைத் தேவைக்கு உதவும் அமைப்புகளில் கோயம்புத்தூர் மாவட்டத்திலுள்ள 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் குறிப்பிடத்தக்கது. மின்சாரம் மிகுந்த வேளையில் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை மிகுந்த வேளையில் அதே நீரைக் கீழே விட்டு இது மின்னாக்கம் செய்கிறது. மேலும், தென்னிந்திய மின்தொகுப்பு 2013 ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் மின்தடத்தின் வழியே இந்தியாவின் பிற பகுதிகளுடன் ஒரே அதிர்வெண்ணில் இணைக்கப்பட்டது. இதனால் காற்றுப் பருவத்தில் உபரி மின்சாரத்தை அனுப்பவும், பிற காலங்களில் பெறவும் வாய்ப்பு விரிந்தது. அதே வேளையில், பிற பகுதிகளில் ஏற்படும் குலைவு தெற்கையும் பாதிக்கக்கூடும் என்பதால் தாங்குதன்மை பற்றிய மதிப்பீடும் நாடு தழுவியதாகிறது.

வரம்புகள்

நம்பகத்தன்மை அளவைகள் சராசரிகளே ஆகும். ஆண்டுக்கு 3 மணிநேரம் என்பது, ஒவ்வோர் ஆண்டும் 3 மணிநேரம் மின்சாரம் இராது என்று பொருள்படாது. பல ஆண்டுகள் தட்டுப்பாடே இன்றிக் கழிந்து, ஓர் ஆண்டில் நீண்ட தட்டுப்பாடு ஏற்பட்டாலும் அதே சராசரி கிடைக்கும். அரிதாக, ஆனால் கடுமையாக நிகழும் இழப்புகளை இச்சராசரி மறைத்துவிடுகிறது.

கடந்த கால வானிலைத் தரவைக் கொண்டே எதிர்காலம் கணிக்கப்படுகிறது என்பது மற்றொரு வரம்பு ஆகும். காலநிலை மாறும்போது வெப்ப அலைகளின் கடுமையும் மழையின் போக்கும் மாறும். மின்வண்டிகளும் குளிரூட்டிகளும் பெருகுவதால் தேவை உச்சத்தை அடையும் நேரமும் மாறும். எனவே இம்மதிப்பீட்டை ஒருமுறை செய்து முடித்துவிட இயலாது. புதிய நிலையங்கள் சேரும்போதும், பழையவை மூடப்படும்போதும் மின்தொகுப்பின் இடர் மிகுந்த மணிநேரங்கள் இடம் மாறுவதால், அவற்றை மீண்டும் மீண்டும் கண்டறிய வேண்டியுள்ளது.